ஒட்டு தெரியாத பலகை

உங்கள் மேசையின் இடது பின்கால் கொஞ்சம் குட்டை. நீங்கள் எழுதும்போது கவனித்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மேசை ஒருமுறை தலையாட்டுகிறது. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். இப்போதே எழுந்திருக்க வேண்டாம், நான் சொல்லி முடித்த பிறகு செய்துகொள்ளலாம்.

முதலில் இருந்தே சொல்கிறேன். நடுவில் ஆரம்பித்தால் நான் ஏதோ கல்நெஞ்சுக்காரி என்று தோன்றும். முதலில் இருந்து கேட்டால், என் இடத்தில் யார் இருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் செய்திருப்பார்கள் என்று உங்களுக்கே புரியும்.

நான் வீட்டிலிருந்தபடியே மரத்தில் பெயர்ப்பலகை செய்கிறவள். அதற்கு என்னிடம் ஒரு சின்ன சி.என்.சி. மெஷின் உண்டு. கணினியில் எழுத்தை வரைந்து கொடுத்துவிட்டால், ஒரு குட்டி மோட்டார் அந்தக் கோட்டிலேயே ஓடி ஓடி மரத்தைச் செதுக்கும். வாங்கி வந்த புதிதில் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் பறவைக் கூண்டு மாதிரி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஒரே குறை, அது செதுக்கக்கூடிய இடம் ஒரு பள்ளிக்கூட நோட்டை விரித்துவைத்த அளவுதான். வீட்டு எண், நாய் ஜாக்கிரதை, இந்த மாதிரிப் பலகைகளுக்கு அது போதும். பெரிய பலகை கேட்டால் இரண்டு துண்டாகச் செதுக்கி, ஒட்டி, மேலே வார்னிஷ் பூசிக் கொடுத்துவிடுவேன். ஒட்டு தெரியாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவருக்கு ஒரு பலகை செய்து கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நடுவில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம்.

"என் பேருக்கு நடுவுல ஒரு கோடு ஓடுதேம்மா. பல்லிடுக்கு மாதிரி. இதைப் பார்த்துட்டு எவன் உள்ள வருவான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பலகையையும் மாட்டிக்கொண்டார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஆனால் அந்த 'டிக்' என் காதுக்குள் புகுந்துகொண்டது. சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, என் கணவர் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அது கேட்டது. மெஷினை நீட்டிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

பெரிய மெஷினாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பெற்ற பிள்ளை குள்ளமாக இருக்கிறது என்று கடைக்குப் போய் வேறு பிள்ளை வாங்கி வருவோமா?

நீட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மெஷினின் இரண்டு பக்கமும் ரெயில் மாதிரி இரண்டு சட்டங்கள் ஓடும். அவற்றின்மேல் ஒரு பாலம் நகரும். அந்தப் பாலத்தில்தான் செதுக்கும் மோட்டார் தொங்குகிறது. பாலத்தை முன்னும் பின்னும் இழுப்பது ஒரு திருகுத் தண்டு. சட்டத்தையும் தண்டையும் நீளமானதாக மாற்றிவிட்டால் மெஷின் நீண்டுவிடும். முதல் தடவை நீட்டியபோது சாப்பாட்டு மேசை முழுக்க அதற்கே தேவைப்பட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டோம். இரண்டாவது தடவை அது மேசையைத் தாண்டியது. மேசையை விற்றுவிட்டு மெஷினைக் கூடத்துத் தரைக்கு இறக்கினேன். சோபா போயிற்று. மூன்றாவது தடவை கூடமும் போதவில்லை. கூடத்துக்கு நேர் எதிரே மாமனாரின் அறை. வாசல் சரியாக நடுவில் அமைந்திருந்தது, வீடு கட்டியவருக்கு முன்யோசனை இருந்திருக்கிறது. அந்த அறையின் கதவைக் கழற்றினால் சட்டங்கள் நேராக உள்ளே போய்விடும். கழற்றிய கதவும் வீணாகவில்லை. மெஷினின் கோடிக்கு அதையே அடிப்பலகையாகப் போட்டேன். நல்ல கெட்டி மரம்.

என் கணவர் நல்லவர். வீட்டில் யாராவது ஒரு முடிவை எடுத்துவிட்டால் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்வார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பாலத்தைத் தாண்டி ஒரு கால், பிறகு பையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு இன்னொரு கால். சாயங்காலம் அதே மாதிரி திரும்புவார். ஒருமுறை மட்டும், "இது இன்னும் எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டார். "ஒட்டு தெரியாத வரைக்கும்" என்றேன். தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போனார்.

மாமாவைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். நான் என் மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அருங்காட்சியகத்தில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்புக்கூடுகள் வைத்திருக்கும் கூடத்தில், ஒரு மூலை நாற்காலியில், வேலைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஆணி அடித்தாற்போல் உட்காருவார். ஒருமுறை பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துக்கொண்டே போனபோது, ஒரு வாண்டு அவர் மீசையைத் தொட்டுவிட்டு, "டீச்சர், இது நிஜம் மாதிரியே இருக்கு" என்றதாம். இதை அவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆள் நல்ல பருமன். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைசிகிச்சை ஆகி வீட்டுக்கு வந்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். "உட்கார்ந்தே இருக்க விடாதீங்க. அப்பப்ப எழுந்து நாலடி நடக்கணும். இல்லேன்னா கால்ல ரத்தம் கட்டும். கட்டினது நெஞ்சுக்கு ஏறிச்சுன்னா ஆளைத் தூக்கிடும்." இதை அவர் என்னிடம்தான் சொன்னார். அப்போது என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். எனக்குப் புரியவில்லை என்றோ மறந்துவிட்டது என்றோ நான் சொல்லப்போவதில்லை. எனக்கு நல்ல ஞாபகசக்தி.

மெஷினை நீட்டியதில் ஒரு சிக்கல் வந்தது. நீளம் கூடக் கூட அதன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. திருகுத் தண்டு சுழலும்போது பிள்ளைகள் ஸ்கிப்பிங் ஆடுகிற கயிறு மாதிரி துள்ளியது. பாலம் கோடிக்குப் போனால் சட்டம் லேசாக அதிரும். அந்த அதிர்வு அப்படியே மரத்தில் இறங்கி, ஈரத் தலையைச் சீப்பால் வாரினாற்போல் கோடு கோடாக விழும். ஒட்டுக் கோட்டைப் போக்கப் போய் ஆயிரம் கோடு வந்ததுதான் மிச்சம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கோடிக்கு எடை வைத்தால் அடங்கும் என்று தெரியும். மணல் மூட்டை வைத்துப் பார்த்தேன். அதிர அதிர மணல் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. கல் வைத்தேன். கல் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளாது, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். இரும்பு பீரோவை ஏற்றினேன். உள்ளே இருந்த சில்லறைச் சாமான்களெல்லாம் சேர்ந்து கச்சேரி நடத்தின. என் கணவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துப் பார்த்தேன். அந்த மனிதருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. போனை எடுப்பார், முதுகைச் சொறிவார், 'முடிஞ்சிடுச்சா' என்று எட்டிப் பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் கண்ட பெரிய குறை அதுதான்.

அப்புறம் ஒரு மத்தியானம், ஒரு பலகை செதுக்கி முடித்துத் தூசியைத் தட்டிப் பார்க்கிறேன். பலகையின் முன்பாதி வெண்ணெய் மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு சாண் அளவுக்குக் கோடு. பிறகு மறுபடியும் வெண்ணெய். நிமிர்ந்து பார்த்தேன். மாமா தன் பிரம்பு நாற்காலியை இழுத்து, அடிப்பலகையின் மேல் போட்டு, மெஷினை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நடுவுல எழுந்து போனீங்களா?"

"பாத்ரூம் போயிட்டு வந்தேம்மா. போகக்கூடாதா?"

அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. மனித உடம்பு அதிர்வை விழுங்கிவிடும். கல்லும் மணலும் செய்யாததைக் கொஞ்சம் சதையும் எலும்பும் சேர்ந்து செய்துவிடுகின்றன. அதிலும் மாமா மாதிரி உட்காரத் தெரிந்த உடம்பு லட்சத்தில் ஒன்றுதான் கிடைக்கும்.

நான் விஷயத்தை எடுத்துச் சொன்னபோது அவருக்கு ஏக மகிழ்ச்சி. இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். "உட்காருன்னு சொல்லி எனக்கு வேலை குடுத்தது மியூசியத்துக்கு அப்புறம் நீதாம்மா" என்றார். மறுநாள் காலை எழுந்து முகச்சவரம் செய்து, பழைய சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பொத்தான்தான் போடமுடியவில்லை. மெஷின் ஓடும்போது மீசையைக்கூட அசைக்கமாட்டார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் நிறுத்தப் பொத்தானை அழுத்திய பிறகுதான் தும்முவார். இரண்டு பேரும் அவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்தோம். மருமகளும் மாமனாரும் இப்படி ஒரு மனதாக இருக்கிற வீட்டை நீங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள்?

வாரத்தில் சில நாள் ஒரு பிசியோ பெண் வந்து மாமாவை நடக்கவைப்பாள். துறுதுறுவென்று இருப்பாள், காலில் சக்கரம் கட்டினாற்போல. அலுமினியத்தில் செய்த ஒரு வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் வர, மாமா அறையிலிருந்து பால்கனி வரைக்கும் நடக்க ஆரம்பித்திருந்தார். ஒருநாள் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"அக்கா, தாத்தா சூப்பரா தேறிட்டார். அடுத்த மாசம் தெருமுனை வரைக்கும் தனியாவே போய்ட்டு வருவார் பாருங்க. வீட்லயே உட்காரமாட்டார்."

அந்தச் செய்தி எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கையில் வேலை குவிந்து கிடக்கிறது. ஒட்டே இல்லாமல் பலகை செய்கிறவள் என்று அப்போதுதான் நாலு பேருக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அடுத்த தடவை அவள் வந்தபோது, மாமா அவருடைய மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். பொய்தான். வாசலில் நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே மாமா சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததே.

வாக்கர் சும்மா நின்றுகொண்டிருந்தது. நல்ல அலுமினியக் குழாய், கனமில்லாமல் விறைப்பாக இருக்கும். பாலத்துக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்க அப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அறுத்துப் பொருத்தினேன். மாமா அன்றைக்கு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது என் வாக்கர் மாதிரி இருக்கேம்மா" என்றார்.

"அதேதான் மாமா. சும்மாதானே நின்னுட்டிருந்துச்சு."

"அதுவும் சரிதான்" என்றார். நியாயத்தை எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிற மனிதர்.

சாப்பாட்டில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. பால், முட்டை, வாழைப்பழம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். எடை குறைந்தால் கோடு விழும். தண்ணீரை மட்டும் காலைக்குப் பிறகு கொஞ்சம் கட்டுப்படுத்தினேன், எழுந்து எழுந்து போகவேண்டாமே என்று. சில வாரங்களில் அவருடைய இடது கால் வீங்கியது. தொட்டால் சூடாக இருந்தது. அதை நான் அலட்சியம் செய்துவிட்டேன் என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. உடனே கவனித்தேன். இடது பக்கம் கனம் கூடிவிட்டதால், சமன் செய்வதற்காக நாற்காலியை இரண்டு விரற்கடை வலப்பக்கமாக நகர்த்திவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவரின் அக்கா வந்தார்கள். வெளியூரில் இருக்கிறவர்கள், எப்போதாவதுதான் வருவார்கள். சட்டங்களைத் தாண்டி, பாலத்துக்கு அடியில் குனிந்து, அப்பாவிடம் போய்ச் சேர்ந்து, அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

"அப்பா நல்லா பூசினாப்ல ஆயிட்டாரே. என் கண்ணே பட்டுடும் போல. எங்கம்மா இருந்திருந்தாக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாங்க."

மாமா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நான் கொஞ்சநாள் உன் வீட்ல வந்து இருக்கேனே. உன் வீட்டு வாசல்ல மரம் இருக்குமே, அதுகிட்ட நடக்கலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவேயில்லை, மனதில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"மாமா இல்லேன்னா எனக்கு ஒரு வேலையும் ஓடாது அண்ணி. அவர் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தாத்தான் எனக்கு எல்லாமே நேரா வருது."

அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். "பாருங்கப்பா, மருமக உங்கமேல உயிரையே வெச்சிருக்கா. இவளை விட்டுட்டு வரேங்கறீங்களே" என்று அவரைக் கடிந்துகொண்டுவிட்டு, அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார்கள். மாமா, மகள் குனிந்து போன பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பழைய மாமாவாக இல்லை. அதுவரை வேலையில் இருந்த பற்று விட்டுப்போயிற்று. ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டார். பலகை பாழ். நான் ஒன்றும் கடிந்து பேசவில்லை. அவர் திரும்பவும் விழுந்துவைத்தால் இன்னொரு எலும்பும் போய்விடுமே என்றுதான் எனக்குக் கவலை. நாற்காலியின் நாலு கால்களையும் போல்ட் போட்டு அடிப்பலகையோடு இறுக்கினேன். பழைய பயணப்பெட்டியில் இருந்த பட்டையை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி ஒன்று, நெஞ்சைச் சுற்றி ஒன்று போட்டேன். கொக்கி முதுகுப்பக்கம். காரில் எல்லோரும் போட்டுக்கொள்கிறோம். காரில் போட்டால் பாதுகாப்பு, வீட்டில் போட்டால் கொடுமை என்று சொல்வது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் கணவர் சாயங்காலம் வந்து பார்த்தார்.

"அப்பாவைக் கட்டியா வெச்சிருக்கே?"

"கட்டலைங்க. பொருத்தியிருக்கேன்."

அவர் பட்டைக்கும் சட்டைக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "ரொம்ப இறுக்கமாயில்ல" என்றார். மாமா அவரைப் பார்த்து, "டேய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். "என்னப்பா?" என்று இவர் கேட்டார். மாமா குனிந்து பட்டையைப் பார்த்தார். இவர் குளிக்கப் போய்விட்டார். அவரை நீங்கள் இந்த வழக்கில் சேர்க்கவேண்டாம். பாவம், அவர் எதையும் செய்ததே கிடையாது.

இனி அந்தக் கடைசி வேலைக்கு வருகிறேன். பல் டாக்டர் புதிதாக மாடி வைத்து ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார். என் பலகைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று உள்ளே கோடிவரைக்கும் மெஷினைப் பார்த்தார். கோடியில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குக் கையசைத்தார். மாமா கையசைக்கவில்லை, அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "பெரியவர் ரொம்பக் கறார் போல" என்று சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என் பேரு, பட்டம், ஆஸ்பத்திரி பேரு, எல்லாம் ஒரே பலகையில வரணும். நான் நகத்தை வெச்சு இழுத்துப் பார்ப்பேன்."

அவ்வளவு நீளத்துக்கு ஒரே துண்டாக மரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மரக்கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து ஒரே ஒரு பலகை கண்டுபிடித்தேன். ஒரு முடிச்சு இல்லை, வெடிப்பு இல்லை. அது கெட்டால் வேறு கிடையாது. அதற்காக மெஷினை இன்னொரு முறை நீட்டினேன். இப்போது அது வாசற்படியில் தொடங்கி மாமாவின் ஜன்னலில் முடிந்தது. முன்கதவை முழுக்கத் திறக்க முடியாது, உடம்பை ஒருக்களித்துத்தான் உள்ளே வரவேண்டும்.

காலையில் மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்து, பட்டையைப் போட்டு, மெஷினை ஓடவிட்டேன். சாயங்காலம் வரை ஓடவேண்டிய வேலை. நிறுத்தப் பொத்தான் இருக்கிறது, சிவப்பாக, என் கைக்கு எட்டுகிற இடத்தில். ஆனால் இந்த மாதிரி வேலையில் நிறுத்தினால், திரும்ப ஆரம்பிக்கிற இடத்தில் முடி அளவுக்கு ஒரு தடம் விழும். கண்ணுக்குத் தெரியாது. நகத்துக்குத் தெரியும். அதனால் பக்கத்திலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரின் பெயர் அழகாக வந்தது. பட்டம் வந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் ஆரம்பித்தபோது மத்தியான வெயில் ஜன்னல் வழியாக மாமாவின் மடியில் விழுந்திருந்தது.

"அம்மாடி" என்றார். "நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. கொஞ்சம் அவுத்து விடேன்."

"இந்த எழுத்து முடியட்டும் மாமா."

எழுத்து முடிந்தது. அடுத்த எழுத்து தானாகவே தொடங்கிவிட்டது, அதில் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார். மூச்சு கிடைக்கவில்லை என்றார். அவருக்கு மேல்மூச்சு வாங்கியதில் பலகையில் லேசாகக் கோடு விழ ஆரம்பித்திருந்தது. "மாமா, கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க" என்று சொன்னேன். அவர் முயற்சி செய்தார். அதை நான் சொல்லியே ஆகவேண்டும், உண்மையாகவே முயற்சி செய்தார். அப்புறம் மகளைக் கூப்பிட்டார். "பாப்பா" என்று. அப்புறம் என்னை. அப்புறம் யாரையும் கூப்பிடவில்லை.

அதன்பிறகு வந்த எழுத்துகளைப் போல நான் வாழ்நாளில் செதுக்கியதில்லை. தடவிப் பார்த்தால் தண்ணீர்மேல் கை வைத்தாற்போல் இருக்கும். காரணம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவருடைய தலை சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். எழுந்து போய்த் தொட்டால் அடிப்பலகை அசையும். போகவில்லை.

என் கணவர் வந்தபோது கடைசி எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா தூங்கறாரா?" என்றார். "ஆமா, சத்தம் போடாதீங்க" என்றேன். அவர் பூனை மாதிரி நடந்து சமையலறைக்குப் போய், தானே ஒரு டீ போட்டு நின்றபடியே குடித்தார். மெஷின் நின்றதும் பலகையிலிருந்த தூசியை ஊதி, துணியால் துடைத்து, கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. அதற்குப் பிறகுதான் போய்ப் பட்டையை அவிழ்த்தேன்.

இவ்வளவையும் இன்றைக்கு நானே உங்களைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுவந்து சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நேற்று எங்கள் வக்கீல் வந்திருந்தார். "மெஷின் சத்தத்துல பெரியவர் கூப்பிட்டது காதுல விழலைன்னு மட்டும் சொல்லுங்கம்மா. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். என் கணவரும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். வீட்டுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி சத்தம், பக்கத்தில் ஆள் செத்தாலும் தெரியாது என்று. இதே மனிதர் இத்தனை நாள் அந்தப் பாலத்தைத் தாண்டித் தாண்டிப் போனவர். அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு மனசு ஆறவில்லை, ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அந்த மோட்டாருக்குப் பஞ்சு வைத்து நானே கூடு கட்டியிருக்கிறேன். சட்டம் சட்டமாகப் பார்த்துப் பார்த்து இறுக்கியிருக்கிறேன். ஓடுவதே தெரியாது, தையல் மெஷின் அளவுக்குக்கூட இரையாது. ஆகவே நீங்கள் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள். மாமா கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான்தான் போகவில்லை. மெஷின்மேல் எந்தத் தப்பும் கிடையாது.